எட்வர்டு லியர்: தென்னாட்டு நிலக்காட்சிகள்

லண்டனை அடுத்த ஹாலோவேயில் பிறந்து, இளமையில் கிளிகளை வரைந்து ஜீவனம் நடத்தி, கண்பார்வை தளர்ந்தமையால் நுட்பமான பறவைச் சித்திரங்களைக் கைவிட்டு நிலக்காட்சிகளை எழுதத் தலைப்பட்டவர் எட்வர்டு லியர் (1812–1888). 1846-இல் விக்டோரியா மகாராணிக்கே சித்திரம் கற்பித்தவர் அவர். எனினும் அவ்வாண்டில் வெளியான வேடிக்கைப் பாட்டுப் புத்தகத்துக்காகவே உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது, ஓவியத்தையே தம் தொழிலாக மதித்த அம்மனிதருக்கு நேர்ந்த விநோதமான கீர்த்தி.

வைசிராயாக இருந்த நண்பர் நார்த்புரூக் பிரபுவின் அழைப்பை ஏற்று, 1873 நவம்பரில் கியோர்கியோ என்னும் பணியாளருடன் பம்பாயில் இறங்கிய லியர், கங்கைக் கரையையும் இமயத்தையும் கண்டபின், 1874-இன் பிற்பகுதியில் சென்னை, காஞ்சிபுரம், மாமல்லபுரம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், குன்னூர் ஆகிய இடங்களில் பிரயாணம் செய்தார். அவருக்கு முன் 1792-இல் தென்னாட்டைச் சுற்றிய தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் கோட்டைகளிலும் கோபுரங்களிலும் மனத்தைப் பறிகொடுத்தார்கள். லியரோ கோபுரத்தைக் காணும்போதே அதன் முன்னிற்கும் பனையையும் தென்னையையும் ஆலையும் விட மனமில்லாதவர். நம் மரபிலோ, ஆரணியை அடுத்த திருமலைச் சமணக் கோயிலில், தீர்த்தங்கரர் உபதேசிக்கும் சபையாகிய சமவசரணத்தை எழுதிய சித்திரக்காரருக்குத் தெய்வ சந்நிதானமே பிரதானம். மரத்தை மரத்துக்காகவே எழுதும் லியரின் மனோபாவம் நம் சுவரோவிய மரபுக்குப் பெரும்பாலும் புறம்பானது.

அவருடைய முறை விசேஷமானது. வழியோரத்தில் நின்று பென்சிலால் விரைந்து கோடிழுத்து, இன்ன இடத்தில் இன்ன வர்ணம் என்று தாளின் மேலேயே எழுதி, ஊர், தேதி, நேரம், வரிசை எண் யாவும் குறித்துக்கொண்டு, பின்னர் ஓய்வு கிடைத்தபோது மசியால் கோடுகளை உறுதிப்படுத்தி நீர்வர்ணம் பூசுவார். விற்பனைக்கான பெரிய தைலவர்ணப் படங்களைக் காட்டிலும், ஓவியரின் கண் எங்கே தங்கியது என்பதைக் காட்டும் இத்தாள்களே மேலானவை என்பது நம் அபிப்பிராயம்.

தென்னாட்டுக்குப் பின் சென்ற இலங்கையில் கியோர்கியோ நோயுற்றதால் பிரயாணத் திட்டம் குலைந்தது. 1875 ஜனவரியில் லியர் பம்பாயிலிருந்து கப்பலேறினார். இத்தாலியின் சான் ரெமோவில் குடியிருந்து, இந்தியக் குறிப்புகளைக் கொண்டு காஞ்சன்ஜங்கா முதலிய பெரிய படங்களை எழுதி முடித்தார். அவருடைய இந்திய நாட்குறிப்பின் ஒரு பகுதி 1953-இல் அச்சேறியது; நாட்குறிப்பின் மூலமும் சித்திரத் தாள்களில் பெரும்பகுதியும் அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கின்றன.