பெயர்ப் பதிவேட்டில் ஒரு குறில்



வகுப்பில் வருகைப் பதிவேட்டைத் திறந்து நான் பெயர் வாசித்தது உங்களுக்கு நினைவிருக்கும். இணையத்துக்கும் அப்படி ஒரு பதிவேடு இருக்கிறது. அதில் நம் தமிழ் ஏறிய வரலாற்றை இன்று சொல்கிறேன்.

ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் உண்டு. எண் மனத்தில் நிற்காது என்பதால் பெயர் வைத்தார்கள். 1970களில் எந்தப் பெயருக்கு எந்த எண் என்பதெல்லாம் ஒரே கோப்பில் இருந்தது. அமெரிக்காவின் மென்லோ பார்க்கில் எலிசபெத் ஃபெயின்லர் என்ற அம்மையாரின் குழு அதைப் பராமரித்தது. கணினிகள் பெருகவே ஒரு கோப்பு போதவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் புதிய முறையை வகுத்தார். மேலே ஒரு வேர்ப் பதிவேடு. அதன் கீழே காம், இன் போன்ற ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவேடு.

இந்தப் பதிவேடுகளை விசாரிக்க 'டிக்' என்றொரு கருவி உண்டு. கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டச்சு செய்தால் போதும். பெயரைச் சொன்னால் எண்ணைத் தரும். 'முழுப் பட்டியலையும் கொடு' என்று கேட்டால் பெரும்பாலான பதிவேடுகள் மறுத்துவிடும். திருடனிடம் வீட்டு வரைபடத்தைக் கொடுத்தது போல் ஆகிவிடுமே! ஆனால் வேர்ப் பதிவேட்டை இன்றும் யார் வேண்டுமானாலும் முழுதாகக் கேட்டு வாங்கலாம்.

என் மருமகன் மடிக்கணினியில் அதை வரவழைத்துக் காட்டினார். ஆயிரக்கணக்கான வரிகள் ஓடின. தமிழ் எழுத்து ஒன்றைக்கூடக் காணோம். இந்தப் பதிவேட்டில் ஆங்கில எழுத்தும் எண்ணும் சிறு கோடும் மட்டுமே வரும். அதனால் 2003இல் வகுத்த ஒரு முறைப்படி மற்ற மொழிப் பெயர்களை 'எக்ஸ்என்' என்று தொடங்கும் குறியீடாக மாற்றி எழுதுகிறார்கள். இலங்கை, சிங்கப்பூர், இந்தியா என்ற மூன்று தமிழ்ப் பெயர்களும் 2010, 2011 ஆண்டுகளில் ஏறியவை. மூன்றும் அந்த வேடத்தில்தான் அங்கே உட்கார்ந்திருக்கின்றன.

இவற்றுக்கும் முன்னால் ஏறிய தமிழ்ச் சொல் ஒன்று உண்டு. 2007 அக்டோபரில் பல மொழிகளில் 11 பெயர்களைச் சோதனைக்காகச் சேர்த்தார்கள். தமிழுக்கு வைத்த பெயர் 'பரிட்சை'. ஆம், ரி! நாம் வகுப்பில் எழுதப் பழகியது பரீட்சை. இந்திக்கு வைத்த பரீக்ஷாவில் நெடில் சரியாக இருந்தது. 2013இல் சோதனைப் பெயர்களை நீக்கும்வரை நம் சொல் ஆறு ஆண்டுகள் குறிலோடுதான் நின்றது.

பேச்சில் ரி, ரீ இரண்டும் ஓடிவிடும். பதிவேட்டுக்கு அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். ஒரு கால் வித்தியாசப்பட்டாலும் குறியீடு மாறிவிடும். பதிந்த பெயரை அழித்துத் திருத்தவும் முடியாது. சரியான பெயரைப் புதிதாகத்தான் பதிய வேண்டும், அதுவும் வேறொருவர் முந்திக்கொள்ளாதிருந்தால்.

நம் தேவிகாபுரத்தில் தறி போட்டுப் பட்டு விற்கும் பிள்ளைகள் சிலர், கடைக்குத் தமிழிலேயே இணையப் பெயர் வாங்கப்போவதாகச் சொல்கிறீர்கள். மிக்க மகிழ்ச்சி. பணம் கட்டும் முன் பெயரைத் தாளில் எழுதி, குறில் நெடில், ஒற்று எல்லாம் ஒருமுறை பாருங்கள். சந்தேகம் இருந்தால் எனக்கு அனுப்புங்கள். சிவப்பு மை இன்னும் தீரவில்லை.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்,
தேவிகாபுரம்.