புக்காரெஸ்டில் நகர்ந்து போன தேவாலயங்கள்

இந்த எபிசோடில் உங்களை ஒரு நடைக்குக் கூட்டிட்டுப் போறேன். ஊர், ருமேனியாவின் தலைநகர் புக்காரெஸ்ட். கம்யூனிஸ்ட் காலத்து வரலாற்றைத் தெருத் தெருவாக நடந்து காட்டும் சுற்றுலாக்கள் அங்கே உண்டு. ஒரு வழிகாட்டி, பதினைந்து இருபது பேர், ஏறக்குறைய மூன்று மணி நேரம். நானும் ஒரு குழுவில் சேர்ந்து நடந்தேன். உண்மையைச் சொன்னா, நான் போனது சௌஷெஸ்கு கட்டிய அந்தப் பிரம்மாண்ட மாளிகையைப் பார்க்கத்தான். திரும்பி வந்தபிறகு மனசில் நின்றதோ, அடுக்குமாடி வீடுகளுக்குப் பின்னால் மறைந்து நிற்கும் ஒரு பழைய தேவாலயம்.

நடை தொடங்குவது புரட்சிச் சதுக்கத்தில். கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் குழுக் கட்டடமும் அதன் பால்கனியும் அங்கே இருக்கின்றன. 1965-லிருந்து நாட்டை ஆண்ட நிக்கோலாய் சௌஷெஸ்கு, 1989 டிசம்பர் 21 அன்று நண்பகலில் அந்தப் பால்கனியில் நின்று பேசினார். மேற்கே திமிஷோராவில் போராடியவர்களைச் சுட்டு நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. மக்கள் என் பக்கம்தான் என்று காட்டத் தொழிற்சாலைகளிலிருந்து ஆட்களைத் திரட்டிய கூட்டம் அது. பேச ஆரம்பித்த சில நிமிஷங்களில் கூட்டத்தில் கூச்சல். அவர் திகைத்து நிற்கிறார், கையைத் தூக்குகிறார், 'அலோ, அலோ' என்கிறார். எல்லாம் தொலைக்காட்சியில் நேரடியாகப் போனது. மறுநாள் அதே கட்டடத்தின் கூரையிலிருந்து ஹெலிகாப்டரில் தப்பினார். கிறிஸ்துமஸ் அன்று அவசர விசாரணை நடத்தி அவரையும் மனைவி எலெனாவையும் சுட்டுக் கொன்றார்கள்.

எங்கள் வழிகாட்டி, முப்பது வயசு இருக்கும் அந்தப் பெண், இதை ரொம்ப வேகமாகச் சொல்லி முடித்தார். "வீடியோ யூடியூப்ல இருக்கு, ரூமுக்குப் போய்ப் பாத்துக்கங்க"ன்னு சொல்லிட்டார். ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் நின்று நிதானமாகச் சொன்னார். அந்தப் புரட்சியில் இறந்தவர்கள் 1,100-க்கும் மேல். அதில் பெரும்பாலானவர்கள் சௌஷெஸ்கு தப்பி ஓடிய பிறகு இறந்தவர்கள். யார் யாரைச் சுட்டார்கள் என்ற வழக்கு பல ஆண்டுகள் இழுத்தது. எதிரே இருக்கும் பல்கலைக்கழக நூலகமும் அந்த நாட்களில்தான் எரிந்தது. சுமார் 5 லட்சம் புத்தகங்கள் போயின.

அங்கிருந்து விக்டோரியெய் சாலை வழியாகத் தெற்கே, தும்போவிட்சா ஆற்றை நோக்கி நடந்தோம். கதையின் இன்னொரு பாதி அங்கேதான் இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் பின்னால் போகணும்.

1971-ல் சௌஷெஸ்கு சீனாவுக்கும் வடகொரியாவுக்கும் போனார். பியோங்யாங்கின் அகல வீதிகளும், ஒரே மாதிரி வரிசையாக நின்ற கட்டடங்களும் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயின. 1977 மார்ச் 4 அன்று பெரிய நிலநடுக்கம். நாடு முழுக்க 1,500-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் புக்காரெஸ்ட்காரர்கள். தலைநகரை அடியோடு மாற்றிக் கட்ட அது ஒரு காரணமாகக் கிடைத்தது. இதில் ஒரு கொடுமையான வேடிக்கை உண்டு. நிலநடுக்கத்தைத் தாங்கி நின்ற பழைய பகுதிகளும் இடிபடும் பட்டியலில் வந்தன. உரானுஸ் என்ற மேட்டுப் பகுதி, ஓட்டு வீடுகளும் தோட்டங்களும் கல் பாவிய தெருக்களுமாக இருந்த பேட்டை, மொத்தமாகப் போனது. சுமார் 40,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. தலைநகரில் மட்டும் இருபது தேவாலயங்கள் அளவுக்கு இடிக்கப்பட்டன. வக்கரெஷ்ட் என்ற 18-ஆம் நூற்றாண்டு மடாலயமும் தப்பவில்லை.

அதே சமயத்தில், வெளிநாட்டுக் கடனை அடைத்தே தீருவேன் என்று விளைச்சலை எல்லாம் ஏற்றுமதி செய்துகொண்டிருந்தார்கள். ரொட்டிக்கும் எண்ணெய்க்கும் ரேஷன். பனிக்காலத்தில் வீடுகளுக்குச் சூடு ஒழுங்காக வராது. அந்த ஊர்க் குளிரில் அது என்ன பாடு என்று யோசித்துப் பாருங்க.

இப்போது யூஜெனியு யோர்தகெஸ்கு. அரசு வடிவமைப்பு நிறுவனத்தில் வேலை பார்த்த பொறியாளர். இடிபடப் போகும் தேவாலயங்களை ஏன் நகர்த்தக் கூடாது என்று கேட்டார். சக நிபுணர்கள் நடக்காத காரியம் என்றார்களாம். ஓர் உணவகத்தில், தட்டு நிறையக் கண்ணாடிக் கோப்பைகளை ஏந்தி ஒரு பரிமாறுபவர் சிந்தாமல் நடந்ததைப் பார்த்துத்தான் யோசனை வந்தது என்று பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கோப்பையைத் தொட வேண்டாம், தட்டு ஆடாமல் போனால் போதும்.

சாலை மட்டம் உயர உயர, நம்ம ஊரில் வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்குவதைப் பார்த்திருப்பீங்க. தொடக்கம் அதே மாதிரிதான். கட்டடத்தைச் சுற்றித் தோண்டி, சுவர்களுக்கு அடியில் பகுதி பகுதியாகக் கான்கிரீட் சட்டம் போடுவார்கள். சட்டம் இறுகியதும் அதற்குக் கீழே அஸ்திவாரத்தை அறுத்துவிடுவார்கள். அந்தக் கணத்திலிருந்து தேவாலயம் நிற்பது மண்ணில் இல்லை, தட்டில். பிறகு தூக்கி, தண்டவாளத்தில் ஏற்றி, மெல்ல மெல்ல நகர்த்துவார்கள். 1982-ல் முதலில் நகர்ந்தது ஸ்கீத்துல் மாய்ச்சிலோர் என்ற சின்ன தேவாலயம், 245 மீட்டர். 1985-ல் மிஹாய் வோடா: மணிக்கூண்டோடு சேர்த்து 289 மீட்டர். 1987-ல் அல்பா யூலியா நகரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தையே, ஆட்கள் உள்ளே குடியிருக்கும்போதே, இரண்டாகப் பிரித்து நகர்த்தினார்கள்!

மிஹாய் வோடா முன்னால் எங்கள் குழு நின்றது. 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில், வீரன் மிஹாய் என்று ருமேனியர்கள் கொண்டாடும் மன்னன் கட்டிய தேவாலயம். ஆற்றோரம் ஒரு மேட்டில், சுற்றிலும் மடாலயக் கட்டடங்களோடு இருந்தது. மடாலயத்தை இடித்துவிட்டார்கள். தேவாலயமும் மணிக்கூண்டும் மட்டும் மேட்டிலிருந்து இறங்கி வந்து, இப்போது எட்டு மாடிக் கட்டடங்களின் முதுகைப் பார்த்தபடி நிற்கின்றன. கார் நிறுத்துமிடம், துணி காயும் பால்கனிகள், நடுவில் செங்கல் தேவாலயம். ஆட்சியாளர்கள் நகர்த்தச் சம்மதித்ததற்குக் காரணமும் அந்த இடத்தில் நின்றால் புரிகிறது. அவர்களுக்குத் தேவை அகல வீதியிலிருந்து சிலுவை கண்ணில் படக் கூடாது என்பதுதான். இடித்தாலும் சரி, மறைத்தாலும் சரி.

எங்க குழுவில் வயசான ஒருத்தர் கேட்டார்: "அந்தப் பொறியாளரை எதுக்கு ஹீரோன்னு சொல்றீங்க? இடிச்சவங்ககிட்ட சம்பளம் வாங்கினவர்தானே?"

வழிகாட்டி உடனே பதில் சொல்லவில்லை. பிறகு சொன்னார்: "எங்க பாட்டி வீடு உரானுஸ்ல இருந்தது. அதுக்கு அடியில யாரும் தண்டவாளம் போடல. ஆனா அவர் சும்மா இருந்திருந்தா, பாட்டி கல்யாணம் பண்ணிக்கிட்ட கோயிலும் இருந்திருக்காது."

இரண்டும் உண்மை என்றுதான் எனக்குத் தோன்றியது. கேட்டவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஒரு கோயில் என்றால் சுவர் மட்டுமா? ஞாயிற்றுக்கிழமை அங்கே வந்த தெருக்காரர்கள் ஊரின் வெவ்வேறு மூலைகளுக்கு, கான்கிரீட் அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டார்கள். நாய்களைக் கூட்டிப்போக முடியாமல் தெருவில் விட்டுப் போனவர்கள் நிறையப் பேர். புக்காரெஸ்டின் தெருநாய்ப் பெருக்கத்துக்கு அது ஒரு காரணம் என்கிறார்கள். ஆனாலும், ராஜினாமா செய்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தால் அவர் கை சுத்தமாக இருந்திருக்கும். ஏறக்குறைய ஒரு டஜன் தேவாலயங்கள் செங்கல் குவியலாகியிருக்கும். சுத்தமான கையை நான் பெரிசா எடுத்துக்கலை.

கடைசி நிறுத்தம் மாளிகை. 1984-ல் அடிக்கல். 3,65,000 சதுர மீட்டர் தளப்பரப்பு. தலைமைக் கட்டடக் கலைஞர் அன்கா பெட்ரெஸ்கு அப்போது முப்பதுகளில் இருந்த பெண். சௌஷெஸ்கு சாகும்போது வேலை முடியவில்லை. இன்று நாடாளுமன்றம் அங்கேதான். எல்லாரும் படம் எடுத்தோம். பெரிசா இருக்கு, வேற என்ன சொல்ல.

நடை முடிந்து, நான் தனியாகத் திரும்ப மிஹாய் வோடாவுக்கு நடந்தேன். ருமேனியத் தேவாலயங்களில் மெழுகுவர்த்தி வைக்க வெளியே தகரப் பெட்டி இருக்கும், இரண்டு பகுதியாக. ஒன்றில் உயிரோடு இருப்பவர்கள் என்று எழுதியிருக்கும், இன்னொன்றில் இறந்தவர்கள். கையில் காய்கறிப் பையோடு ஓர் அம்மா வந்து, இரண்டிலும் ஒவ்வொன்று ஏற்றிவிட்டு, பின்னாலிருந்த கட்டடத்துக்குள் போனார்.

நீங்க புக்காரெஸ்ட் போனா, அது இருப்பது சபியென்ட்செய் தெருவில். பெரிய சாலையிலிருந்து பார்த்தால் தெரியாது. கட்டடங்களுக்கு நடுவில் புகுந்துதான் போகணும்.