மாத்திரையை எப்போது தொடங்குவது? நடுவில் நிறுத்தலாமா?

வழக்கம்போல நீளமான பதிவுதான். "டீச்சர் ரிட்டயர் ஆகியும் பாடம் நடத்தறதை விடலை" என்று சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டே படியுங்கள்.

போன மாதம் ஒரு நாள் ராத்திரி பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். நலம் விசாரித்து முடிந்த பிறகும் போனை வைக்கவில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "டீச்சர், எனக்கு எச்.ஐ.வி. இருக்குதுங்க. பல வருசமா மாத்திரை சாப்பிடறேன். இப்ப உடம்பு நல்லாத்தான் இருக்குது. ஆறு மாசம் மாத்திரையை நிறுத்தி உடம்புக்கு ரெஸ்ட் குடுத்துட்டு மறுபடி ஆரம்பிக்கலாம்னு ஒரு வீடியோ வந்துச்சு. நிறுத்தலாமுங்களா?" என்று கேட்டார்.

நான் டாக்டர் இல்லை. "உன் டாக்டரைக் கேளு கண்ணு. அதுவரைக்கும் ஒரு வேளை மாத்திரைகூட விடாதே" என்று மட்டும் சொன்னேன். அவருடைய அனுமதி வாங்கித்தான் இதை எழுதுகிறேன். யார், எந்த ஊர், ஆணா பெண்ணா என்று யாரும் ஆராய்ச்சி செய்ய வேண்டாம்.

போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்கு வேறொரு காரணமும் உண்டு, பின்னால் சொல்கிறேன். அடுத்த நாளிலிருந்து இந்த நோயின் மருந்து வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். புரியாத இடங்களில் நர்சாக வேலை பார்க்கும் என் மகள் விளக்கினாள்.

1981 ஜூன் மாதம் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் 5 இளைஞர்களுக்கு ஓர் அபூர்வமான நிமோனியா வந்ததாக ஒரு சிறு குறிப்பு வெளியானது. அதுதான் தொடக்கம். 1983-ல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் பிரான்சுவாஸ் பாரே-சினூசி, லூக் மோன்டானியே ஆகியோரின் குழு வைரஸைக் கண்டுபிடித்தது. 1986-ல் நம் சென்னையிலேயே அது இருப்பது தெரிந்தது. மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் மாணவி நிர்மலா ரத்த மாதிரிகளைச் சேகரித்து, வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்து, ராத்திரி ரயிலில் காட்பாடி வழியாக வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோய்ச் சோதித்தார். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் தெரியவந்தது இப்படித்தான். இதைத் தனிப் பதிவாகவே எழுதலாம். இன்றைக்கு மருந்துக்கு வருவோம்.

முதல் மருந்தின் பெயர் ஏ.இசட்.டி. இது 1964-ல் புற்றுநோய்க்காகத் தயாரித்து, பலனில்லை என்று ஒதுக்கப்பட்ட பொருள். 1986-ல் இதை எய்ட்ஸ் நோயாளிகளிடம் சோதித்தார்கள். மொத்தம் 282 பேர். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, கொடுக்கும் டாக்டருக்கும் தெரியாது. சில மாதங்களில் கணக்குப் பார்த்தபோது வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 19 பேர் இறந்திருந்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் 1 மரணம். உடனே சோதனையை நிறுத்தி எல்லோருக்கும் மருந்தைக் கொடுத்தார்கள். 1987 மார்ச்சில் அனுமதி கிடைத்தது. நான்கு மணிக்கு ஒருமுறை, நடுராத்திரியிலும் அலாரம் வைத்து எழுந்து சாப்பிட வேண்டும். ரத்தசோகை வந்து பலருக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது.

முற்றிய நோய்க்கே இது உதவுகிறது என்றால், நோய்க்குறி தெரியாத காலத்திலேயே கொடுத்தால் இன்னும் நல்லதுதானே? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பிரிட்டன், அயர்லாந்து, பிரான்ஸ் நாடுகளில் 1749 பேரை வைத்து 'கான்கார்ட்' என்ற ஆய்வில் இதைச் சோதித்தார்கள். மூன்று ஆண்டு முடிவில், முன்கூட்டியே சாப்பிட்டவர்களுக்கும் பிறகு சாப்பிட்டவர்களுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. 1993-ல் இந்த முடிவு வந்தபோது நோயாளிகள் மனமுடைந்து போனார்கள். காரணம், இந்த வைரஸ் தன்னைப் பிரதி எடுக்கும்போது ஏகப்பட்ட எழுத்துப்பிழை விடும். (என் வகுப்பில் சிலர் அப்படித்தான், பெயர் சொல்லவில்லை.) அந்தப் பிழைகளில் ஏதோ ஒன்று மருந்துக்கு அடங்காத வைரஸை உண்டாக்கிவிடும். ஒற்றை மருந்து கொஞ்ச காலத்தில் தோற்றுவிடும்.

1995-ல் நியூயார்க்கில் டேவிட் ஹோவின் குழு, நோயாளி வெளியே நன்றாக இருக்கும்போதே உடம்புக்குள் தினமும் கோடிக்கணக்கில் வைரஸ் உற்பத்தியாகி அழிந்துகொண்டிருக்கிறது என்று காட்டியது. அப்படியானால் வெவ்வேறு இடத்தில் தாக்கும் மூன்று மருந்தை ஒன்றாகக் கொடுக்க வேண்டும். 1996-ல் வான்கூவர் மாநாட்டில் இந்தக் கூட்டு மருந்தின் முடிவுகள் வெளியாயின. படுத்த படுக்கையாக இருந்தவர்கள் எழுந்து வேலைக்குப் போனார்கள். ஆனால் ஒரு வருட மருந்துக்கு 10,000 டாலருக்கு மேல் ஆனது. 2001-ல் நம் நாட்டு சிப்லா நிறுவனம் அதையே வருடத்துக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்து உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. 2004 ஏப்ரல் 1-ந்தேதி இந்திய அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. முதலில் தொடங்கிய சில மையங்களில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று.

இனிமேல்தான் நான் சொல்லவந்த விஷயம். நம் ரத்தத்தில் சி.டி.4 என்ற வெள்ளை அணுக்கள் உண்டு. வைரஸ் அழிப்பது இவற்றைத்தான். ஆரோக்கியமானவருக்கு ஒரு கன மில்லிமீட்டருக்கு 500-க்கு மேல் இருக்கும். மருந்துக்குப் பக்கவிளைவு அதிகம், கொடுக்கக் கையிருப்பும் குறைவு. அதனால் சி.டி.4 எண் 200-க்குக் கீழே இறங்கிய பிறகோ நோய் முற்றிய பிறகோ கொடுத்தால் போதும் என்று அன்றைய உலக விதி இருந்தது. நம் நாட்டிலும் அதே விதிதான்.

2005-ல் நான் வேலை பார்த்த ஊரில் (நான் பார்த்த பல ஊர்களில் ஒன்று) ஒரு லாரி டிரைவரின் மனைவி இருந்தார். புருஷன் அதற்கு முன்பே இறந்துவிட்டார். சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டபிறகு ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்றைக் கொண்டுவந்து, "டீச்சர், இதுல என்ன போட்டிருக்குதுன்னு படிச்சுச் சொல்லுங்க" என்றார். ஆங்கிலத்தில் இருந்தது. சி.டி.4: 290. 'ஆறு மாதம் கழித்து வரவும்' என்று கீழே எழுதியிருந்தது.

நான் சந்தோஷப்பட்டேன். "நல்ல சேதிதான் அம்மிணி. உனக்கு இன்னும் மாத்திரை சாப்பிடற அளவுக்கு ஆகலையாம்" என்றேன். அவரும் சந்தோஷமாகப் போனார்.

ஆறு மாதம் ஆனபோது அறுவடை வேலை இருந்தது, அவர் போகவில்லை. பிறகு இருமல் வந்தது. டி.பி. என்று கண்டுபிடிப்பதற்குள் உடம்பு உருகிவிட்டது. 2006-ல் இறந்துபோனார்.

சீட்டு எழுதிய டாக்டர் மீது குற்றமில்லை. அன்றைக்கு இருந்த விதிப்படிதான் அவர் எழுதினார். ஆனால் அந்த "நல்ல சேதி"யைச் சொன்ன வாய் என்னுடையது.

இந்த மாதம் படித்துக்கொண்டிருந்தபோது ஹைட்டி நாட்டு ஆய்வு ஒன்று கண்ணில் பட்டது. அதே 2005-ல், தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸில், கெஸ்கியோ என்ற மருத்துவ மையத்தில் தொடங்கியது. சி.டி.4 எண் 200-க்கும் 350-க்கும் நடுவில் உள்ள 816 பேரைச் சேர்த்தார்கள். பாதிப் பேருக்கு உடனே மருந்து. மீதிப் பேருக்கு விதிப்படி 200-க்கு இறங்கிய பிறகு மருந்து. 2009-ல் கணக்கைத் திறந்தார்கள். உடனே தொடங்கியவர்களில் 6 பேர் இறந்திருந்தார்கள். காத்திருந்தவர்களில் 23 பேர். டி.பி. வந்தவர்கள் ஒரு பக்கம் 18, காத்திருந்த பக்கம் 36. சோதனையை அங்கேயே நிறுத்தி, காத்திருந்த அத்தனை பேருக்கும் மருந்தைக் கொடுத்தார்கள். உலக விதி 350 ஆக மாறியது.

290 என்ற எண் 200-க்கும் 350-க்கும் நடுவில்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்தைப் படித்தபிறகு அன்றைக்கு மேற்கொண்டு படிக்க முடியவில்லை.

சரி, என் மாணவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். நடுவில் நிறுத்தலாமா? அந்த வீடியோக்காரர் என்னவோ தானே யோசித்துக் கண்டுபிடித்தது போலப் பேசுகிறார். பெரிய பெரிய டாக்டர்களே ஒரு காலத்தில் இதை நம்பினார்கள். அந்தக் கால மாத்திரைகளில் முகம் ஒட்டும், கொழுப்பு கூடும், இதயத்துக்குக் கேடு என்ற பயமும் இருந்தது. எண் நன்றாக இருக்கும்போது நிறுத்தி, இறங்கும்போது தொடங்கினால் பக்கவிளைவும் குறையும், செலவும் மிச்சம் என்று நினைத்தார்கள். நினைப்பதோடு விடாமல் சோதித்துப் பார்த்ததுதான் அவர்களுக்கும் வீடியோக்காரருக்கும் உள்ள வித்தியாசம்.

அந்த ஆய்வின் பெயர் 'ஸ்மார்ட்'. 33 நாடுகளில் 5472 பேர். எல்லோருக்கும் சி.டி.4 எண் 350-க்கு மேல். ஒரு பாதி விடாமல் சாப்பிட்டது. மறு பாதி நிறுத்திவிட்டு, 250-க்கு இறங்கும்போது தொடங்கி, 350-க்கு ஏறியதும் மறுபடி நிறுத்தியது. 2006 ஜனவரியில் இதையும் பாதியில் நிறுத்த வேண்டி வந்தது. விடாமல் சாப்பிட்டவர்களில் 47 பேருக்குத் தொற்றுநோய் முற்றியது அல்லது மரணம் நேர்ந்தது. விட்டுவிட்டுச் சாப்பிட்டவர்களில் அது 120. எல்லோரையும் அதிர வைத்தது இன்னொன்று. எந்த இதயக் கேட்டுக்குப் பயந்து மாத்திரையை நிறுத்தினார்களோ, அந்த இதய நோயும், சிறுநீரக, கல்லீரல் நோய்களும் நிறுத்தியவர்களுக்குத்தான் கூடுதலாக வந்தன.

ஏன் அப்படி? மகள் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். மாத்திரை வைரஸை முழுக்க அழிப்பதில்லை. தூங்கும் அணுக்கள் சிலவற்றுக்குள் அது பதுங்கிக்கொள்கிறது. மாத்திரை நின்ற சில வாரங்களில் வெளியே வந்து பெருகுகிறது. அதை எதிர்த்து உடம்பு ஓயாமல் கொதித்துக்கொண்டே இருப்பதால் ரத்தக்குழாய் முதல் சிறுநீரகம் வரை கெடுகிறது. உடம்புக்கு ரெஸ்ட் என்கிறார்களே, ரெஸ்ட் கிடைப்பது வைரஸுக்குத்தான்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணவன் மனைவியில் ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. உள்ள 1763 ஜோடிகளை 9 நாடுகளில் தொடர்ந்து கவனித்தார்கள். அதில் சென்னையும் புனேயும் உண்டு. சென்னையில் நடத்தியது, அதே சுனிதி சாலமன் 1993-ல் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர். 2011-ல் முடிவு வந்தது. துணையிடமிருந்து தொற்றியது என்று உறுதியான 28 பேரில் 27 பேர், மருந்து தொடங்காமல் காத்திருந்த பிரிவில். உடனே தொடங்கிய பிரிவில் ஒரே ஒருவர். எச்.ஐ.வி. உள்ளவர் மாத்திரை சாப்பிட்டால் துணைக்கும் அது காப்பு என்று அன்றைக்கு நிரூபணமானது. நம் சென்னை ஜோடிகளின் பங்கும் அதில் இருக்கிறது. அவர்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் வராது.

கடைசியாக 'ஸ்டார்ட்' என்ற ஆய்வு. 35 நாடுகள், 4685 பேர், சி.டி.4 எண் 500-க்கு மேல் இருக்கும் ஆரோக்கியமானவர்கள். 2015-ல் முடிவு. காத்திருந்தவர்களில் 96 பேருக்குக் கடுமையான நோயோ மரணமோ. உடனே தொடங்கியவர்களில் 42. அந்த ஆண்டே உலக சுகாதார நிறுவனம், எண் எதுவாக இருந்தாலும் தெரிந்தவுடன் மருந்து கொடுக்கச் சொன்னது. 2017-ல் இந்தியாவும் அப்படியே அறிவித்தது. முதல் மருந்துக்கு அனுமதி கிடைத்து, "எப்போது தொடங்குவது" என்ற கேள்விக்கு முழு விடை கிடைக்க 28 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

இன்றைக்கு ஏ.ஆர்.டி. மையத்தில் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை, இலவசம். விடாமல் சாப்பிட்டு, பரிசோதனையில் வைரஸ் தென்படாத அளவுக்குக் குறைந்து அப்படியே இருந்தால் உடலுறவு வழியாக மற்றவருக்குப் பரவாது என்பதும் இப்போது உறுதியாகிவிட்டது. இதை நம் சொந்தக்காரர்களுக்காகவே அழுத்திச் சொல்கிறேன். கல்யாண வீட்டில் தனி டம்ளர் வைக்கிற ஆட்கள் நம்மிலும் இருக்கிறார்கள், எனக்குத் தெரியும்.

இதையெல்லாம் போன வாரம் அந்த மாணவரிடம் போனில் சொன்னேன். ஸ்மார்ட் ஆய்வின் எண்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளச் சொன்னேன், எழுதிக்கொண்டார். "47, 120. சரிங்களா டீச்சர்?" என்று திருப்பிப் படித்துக் காட்டினார். மாத்திரையை இன்னும் நிறுத்தவில்லையாம். அடுத்த செக்கப்பின்போது டாக்டரிடமும் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.

யாருக்காவது இதுபற்றிக் கேட்க வேண்டுமென்றால் தயவுசெய்து கமெண்டில் எழுத வேண்டாம், எல்லோரும் பார்ப்பார்கள். 1097 என்ற இலவச எண் இருக்கிறது, அதில் தமிழிலேயே பேசலாம். என்னோடு பேசுவது என்றாலும் பேசுங்கள். பெயர் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. மத்தியானம் இரண்டிலிருந்து நான்கு வரை மட்டும் போனை எடுக்கமாட்டேன், தூங்குவேன்.