இரண்டு மெழுகு

என் அப்பாயிக்கு மெழுகுவது என்றால் இரண்டு வேலை. விடியுமுன் லயத்துக் காம்பராவில் சாணியைக் கரைத்து மண்தரையை மெழுகுவாள். விடிந்ததும் பங்களாவுக்குப் போய்த் தேன்மெழுகு போட்டுப் பலகைத் தரையைத் தேய்ப்பாள். எங்கள் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. பங்களாவின் சாப்பாட்டு அறை மட்டுமே நாலு காம்பராவை விழுங்கும் என்பாள்.

பசறைப் பக்கத்துத் தோட்டம். வெளிநாட்டுக் கம்பனிகளின் தோட்டங்களை 1975இல் அரசாங்கம் எடுத்துக்கொள்வதற்கு முந்திய காலம். அவளுடைய ஆயுதம் அரைத் தேங்காய் மட்டை. குறுக்கே வெட்டிய மட்டையை நார் நுனிகள் தரையில் படும்படி கவிழ்த்து, ஒரு காலை அதன்மேல் வைத்து, மறுகாலை ஊன்றி, முன்னும் பின்னும் தள்ள வேண்டும். பார்க்கிறவர்களுக்கு அது ஆட்டம் மாதிரி இருக்குமாம். அவளுடைய இடது முழங்காலைக் கேட்டிருக்க வேண்டும்.

பலகைக்குத் தண்ணீர்தான் முதல் எதிரி. ஆடி, ஆவணியில் ஊவாவில் கச்சான் வீசும். இந்தப் பக்கத்துத் தேயிலைக்கு வாசம் கொடுக்கிற அதே வறண்ட காற்று, பலகைகளைச் சுருக்கி இடுக்குகளைத் திறந்துவிடும். ஐப்பசி மழையில் அவை திரும்ப ஊதும். இடுக்கு திறந்திருக்கும்போது வாளியோடு தண்ணீரை ஊற்றினால் அது அடியில் இறங்கி, பலகையின் ஓரம் கிண்ணம்போல மேலே வளையும். அதனால் முறுக்கிப் பிழிந்த துணி மட்டும். அதுவும் மரத்தின் ரேகை ஓடும் திசையில்.

மெழுகு கிண்டுவதில் அப்பாயி கண்டிப்பு. ஒரு பங்கு தேன்மெழுகை வெந்நீரில் வைத்த பாத்திரத்தில் உருக்கி, அடுப்பைவிட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்த பிறகே மூன்று பங்கு டர்பன்டைன் ஊற்றுவாள். அதன் ஆவி நெருப்பைத் தேடிப் போகும். தேய்த்த துணியைக்கூடச் சுருட்டி மூலையில் போடமாட்டாள். வெளியே கொடியில் விரித்துத்தான் காயவிடுவாள்.

தூசுக்கு மட்டும் தேயிலைச் சக்கை. வடித்த சக்கையை நன்றாகப் பிழிந்து தூவிப் பெருக்கினால் தூசு பறக்காமல் அதில் ஒட்டிக்கொள்ளும். பிழியாமல் போட்டால் பலகையில் கறை விழும். துரைசானி சொல்லிக்கொடுத்தது என்பாள். இருக்கும்: இசபெல்லா பீட்டன் 1861இல் வெளியிட்ட வீட்டு நிர்வாக நூலிலேயே கம்பளத்தைப் பெருக்குமுன் சக்கையைத் தூவச் சொல்லியிருக்கிறது. அப்போது ஊவா மலைகளில் கோப்பிதான். 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பியை அழித்த பிறகுதான் தேயிலை இங்கே பரவியது. சீனத் தேயிலையின் சக்கையால் இங்கிலாந்தில் பழகிய கைவேலை, கப்பலேறித் தேயிலை விளையும் இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறது. நல்ல தூளெல்லாம் கொழும்புக்குப் போனது வேறு கதை.

தொழிற்சாலையின் மேல்மாடியிலும் பலகைத் தரைதான், கொழுந்து வாட்டும் இடம். அங்கே மெழுகும் கிடையாது, மண்ணெண்ணெயும் கிடையாது, விளக்குமாறு மட்டும். பக்கத்தில் உள்ள வாடையை எல்லாம் தேயிலை இழுத்துக்கொள்ளும்.

அப்புத்தளையில் சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டி முடித்த அடிஷாம் பங்களா இன்று துறவிகளின் மடம். அங்கே போனபோது எல்லோரும் புத்தக அலுமாரிகளைப் பார்த்தார்கள். நான் குனிந்து தரையைப் பார்த்தேன்.

எங்கள் காம்பராவுக்குச் சிமெந்து வந்த அன்று அப்பாயி சிவப்புப் பொலிஷ் ஒரு டப்பா வாங்கினாள். அள்ளி அப்பிவிட்டாள். மறுநாள் சின்ன மாமா ஈரக்காலோடு உள்ளே வந்து மல்லாக்க விழுந்தார். “அளவு தப்பிப்போச்சுடா” என்றபடி மட்டையை எடுத்துக்கொண்டு, அவர் எழும்புமுன்பே அந்த இடத்தைத் தேய்க்கத் தொடங்கிவிட்டாள்.