ரவைக்குள் மறைந்திருக்கும் பிழை

துப்பாக்கி விற்பனைக்கு வருமுன் அதனைச் சோதித்து முத்திரையிடும் வழக்கம் ஐரோப்பாவில் மிகப் பழைமையானது. முதலாம் சார்ள்ஸ் மன்னர் 1637 இல் லண்டன் துப்பாக்கி வினைஞர் சங்கத்துக்குப் பட்டயம் வழங்கினார். அச்சங்கம் குழல்களில் வழமையைவிட அதிக மருந்தை இட்டுச் சுட்டுப்பார்த்தது. வெடிக்காமல் தப்பிய குழலே முத்திரை பெற்றது. பேர்மிங்ஹாமில் 1813 இல் சட்டத்தின் மூலமே சோதனைச்சாலை ஒன்று நிறுவப்பட்டது.

இச்சோதனைகள் துப்பாக்கிக்கு உரியவை. அதில் இடப்படும் மருந்தின் அளவு சுடுபவரின் பொறுப்பாகவே விடப்பட்டது. துப்பாக்கி யாரை நோக்கி நீளும் என்பதே போர்க்காலத்தில் எமது நாட்டில் இருந்த அச்சம்; அது பிடித்திருப்பவரின் கையிலேயே வெடிக்கலாம் என்று நாம் எண்ணிப்பார்த்ததில்லை.

கரும் வெடிமருந்துக் காலத்தில் அந்த ஆபத்து குறைவு. பித்தளைக் கோது கொள்ளுமளவு மருந்தை நிரப்பினாலே ரவை உரிய வேகத்தைப் பெற்றது. இரு மடங்கு இட நினைத்தாலும் இடமில்லை. சுட்ட கோதை எடுத்து, புதிய தீமூட்டி பொருத்தி, மருந்தும் ஈயக்குண்டும் இட்டு மீண்டும் பயன்படுத்துவது அமெரிக்காவில் சிக்கனமான பழக்கமாயிற்று. ஜோன் பார்லோ 1884 இல் தொடங்கிய ஐடியல் நிறுவனம் அதற்கான கைக்கருவிகளையும் கையேடுகளையும் விற்றது.

அதே 1884 இல் பிரான்ஸின் போல் வியேய் புகையற்ற வெடிமருந்தை உருவாக்கினார். நிலைமை தலைகீழானது. ஸ்மித் அன்ட் வெஸன் நிறுவனத்தின் .38 ஸ்பெஷல் ரவையை எடுத்துக்கொள்வோம். ஆரம்பத்தில் அதற்கு ஏறத்தாழ 21 கிரேன் கரும் மருந்து தேவைப்பட்டது. இலக்குச் சூட்டுப் பயிற்சிக்குப் புகையற்ற மருந்தில் 3 கிரேனுக்கும் குறைவான அளவே போதுமாயிற்று. (15 கிரேனுக்குச் சற்று அதிகமானால் ஒரு கிராம்.) கோது மட்டும் பழைய அளவிலேயே இருந்தது. கவனக்குறைவாக மருந்து இரண்டாம் முறையும் விழுந்தால், குண்டு அதன்மேல் ஒழுங்காகவே அமர்ந்துவிடும். வெளியே அடையாளமெதுவும் இராது. மருந்தே விழாத ரவையும் ஆபத்தானதே. தீமூட்டியின் விசை குண்டைக் குழலின் நடுவே தள்ளி நிறுத்திவிடும். அதை அறியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கும், அல்லது பிளக்கும்.

அமுக்கத்தை அளக்கும் முறைகள் பீரங்கித் துறையிலேயே பிறந்தன. அமெரிக்க இராணுவ அதிகாரி தோமஸ் ரொட்மனும், பின்னர் இங்கிலாந்தின் அன்ட்ரூ நோபிளும், வெடிப்பின் விசை செம்பில் பதிக்கும் தடத்தைக் கொண்டு அதனைக் கணித்தனர். ஐக்கிய அமெரிக்காவில் உற்பத்தியாளர்கள் 1926 இல் தமக்கென ஓர் அமைப்பை நிறுவி அமுக்க வரம்புகளை வகுத்தனர். தொழிற்சாலை ரவைகள் அவ்வாறு சோதிக்கப்பட்டன. வீட்டு மேசையில் ரவை நிரப்புபவரிடம் அத்தகைய கருவி இல்லை.

தீமூட்டி தட்டையாவதையும் கோது இறுகிக்கொள்வதையும் எச்சரிக்கைக் குறிகளாகப் பலர் நம்பினர். ரைபிளில் அவற்றுக்கு ஓரளவு பயனுண்டு. கைத்துப்பாக்கியில் அவை தென்படும்போது பெரும்பாலும் வரம்பு கடந்துவிட்டிருக்கும். ஆகவே அச்சிட்ட அளவு அட்டவணையை மீறாதிருத்தலும், குண்டைப் பொருத்துமுன் கோதுகளை மரக்கட்டையில் வரிசையாக நிறுத்தி, விளக்கொளியில் ஒவ்வொன்றினுள்ளும் மருந்தின் மட்டத்தைப் பார்த்தலும் வழக்கமாயின. முடிந்த ரவையைத் தராசில் இட்டுப் பிழை தேடுவோரும் உண்டு. ஆனால் கோதுக்குக் கோது, குண்டுக்குக் குண்டு உள்ள நிறை வேறுபாடே சில வேளைகளில் அந்த 3 கிரேனை விஞ்சிவிடும்.