கொண்டை சிவந்த காரணம்: டெஸ்டோஸ்டிரோன் பிறந்த கதை

காயடித்த காளை சாதுவாகிவிடும். காயடித்த சேவல் கூவாது, கொழுக்கும். கால்நடை வளர்த்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். அப்படிப்பட்ட சேவலின் கொண்டை வெளிறிப்போவதை அரிஸ்டாட்டிலே எழுதி வைத்திருக்கிறார். ஏன் என்பதுதான் இரண்டாயிரம் ஆண்டுகளாக விளங்கவில்லை. சேவலுக்கு விரை வயிற்றுக்குள் இருக்கிறது, கொண்டையோ தலைமேல். ஒன்றை எடுத்தால் மற்றது ஏன் வாட வேண்டும்? உறுப்புக்கு உறுப்பு சேதி போவது நரம்பு வழியாகத்தான் என்ற எண்ணமே 19-ஆம் நூற்றாண்டில் ஓங்கியிருந்தது.

ஜெர்மனியில் கோட்டிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் அர்னால்டு அடால்ஃப் பெர்டோல்டு, 1848 ஆகஸ்டு 2-ஆம் தேதி ஆறு இளம் சேவல்களுக்கு அறுவை செய்தார். மூன்றுக்கு இரண்டு மாத வயது, மூன்றுக்கு மூன்று மாதம். இரண்டு சேவல்களுக்கு இரு விரைகளையும் எடுத்துவிட்டார். இன்னும் இரண்டில் ஒரு விரையை எடுத்துவிட்டு, மற்றதை இருந்த இடத்திலிருந்து அறுத்து வயிற்றுக்குள்ளேயே விட்டார். கடைசி இரண்டில், இதன் விரையை அதற்கும் அதன் விரையை இதற்குமாக மாற்றிக் குடலுக்கிடையே வைத்தார்.

முதல் இரண்டும் கோழைகளாக வளர்ந்தன. குரல் கம்மியது, கொண்டையும் தாடியும் வெளிறின. மற்ற நான்கும் கணீரென்று கூவின, ஒன்றோடொன்று மோதின, பெட்டைகளைத் துரத்தின. பிறகு வயிற்றைத் திறந்து பார்த்தால், வைத்த விரை குடலோடு ஒட்டிக்கொண்டு புது ரத்தக் குழாய்களுடன் உயிரோடு இருந்தது. பழைய நரம்பு ஒன்றும் அதற்கு இல்லை. அப்படியானால் விரையிலிருந்து ஏதோ ரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் போகிறது என்று முடிவு கட்டினார் பெர்டோல்டு. 1849-ல் நான்கே பக்கங்களில் அதை வெளியிட்டார். உடலியங்கியலில் இவ்வளவு சிக்கனமான, அழகான சோதனை வேறொன்று எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் அரை நூற்றாண்டு அதை எவரும் பொருட்படுத்தவில்லை.

1889-ல் பாரிஸில் 72 வயது உடலியங்கியலாளர் ப்ரௌன்-செக்கார், நாய், கினிப் பன்றி விரைச் சாற்றைத் தனக்கே ஊசியாகப் போட்டுக்கொண்டு, இளமை திரும்பியது என்று அறிவித்தார். அந்தச் சாற்றில் சரக்கு இருந்திருக்க வாய்ப்பில்லை. விரை தான் சுரக்கும் ஹார்மோனை, அதாவது ரத்தத்தில் கலந்து சேதி கொண்டுபோகும் பொருளை, சேர்த்து வைப்பதில்லை, அது நீரில் எளிதாகக் கரைவதும் இல்லை. இருந்தாலும் அவர் பேச்சு பலரைச் சுரப்பிகள் பக்கம் திருப்பியது. 1891-ல் இங்கிலாந்து மருத்துவர் ஜார்ஜ் மர்ரே, தைராய்டு குறைந்து வீங்கிச் சோர்ந்திருந்த ஒரு பெண்ணுக்கு ஆட்டுத் தைராய்டுச் சாற்றை ஏற்றினார். அந்தப் பெண் அதன்பின் 28 ஆண்டுகள் வாழ்ந்தார்.

விரையின் சரக்கைப் பிரிக்கும் வேலை 1920-களில் சிகாகோவில் சூடுபிடித்தது. காளை விரைகளிலிருந்து எடுத்த சாறு வேலை செய்கிறதா என்று பார்க்க, ஃப்ரெட் காக்கின் ஆய்வுக்கூடத்தில் காயடித்த சேவலுக்கே அதைச் செலுத்தினார்கள். கொண்டை எவ்வளவு வளர்ந்தது என்பதுதான் அளவுகோல். 1935-ல் ஆம்ஸ்டர்டாமில் எர்ன்ஸ்ட் லாகரின் குழு, ஏறத்தாழ 100 கிலோ காளை விரைகளிலிருந்து வெறும் 10 மில்லிகிராம் படிகத்தைப் பிரித்து, டெஸ்டோஸ்டிரோன் என்று பெயரிட்டது. அதே ஆண்டு வேதியியலாளர்கள் பூட்டெனாண்டும் ருஜிச்காவும் தனித்தனியே கொலஸ்டிராலிலிருந்து அதைத் தயாரித்தார்கள்.

ஹார்மோன் ஏறினால் சண்டைக்குணம் ஏறும் என்ற ஒருவழிக் கணக்கு அதற்குப் பிறகு வெகுகாலம் நிலைத்தது. அது பாதி உண்மைதான்; சூழ்நிலையும் ஹார்மோனை ஏற்றி இறக்கும். எல்லைக்குள் வேறு ஆண் நுழைந்தால் டெஸ்டோஸ்டிரோன் ஏறுகிறது, குஞ்சுக்கு இரை ஊட்டும் பருவத்தில் இறங்குகிறது என்று பறவைகளை வைத்து 1990-ல் ஜான் விங்ஃபீல்டும் கூட்டாளிகளும் எடுத்துக்காட்டினார்கள். பிலிப்பைன்ஸின் செபூவில் அறுநூறுக்கு மேற்பட்ட ஆண்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2011-ல் வந்தது. தகப்பனானவர்களுக்கு இந்த ஹார்மோன் குறைந்தது. பிள்ளையோடு தினமும் அதிக நேரம் செலவிட்டவர்களுக்கு இன்னும் குறைவாக இருந்தது.