லூல்கந்துர மலைச்சாரலும் அதன் குடிகளும்

வரலாறு என்றவுடன் அரசர்தம் பெயர்களும் போர்க்களங்களும் உடன்படிக்கைகளும் நம் நினைவில் எழுதல் இயல்பே. ஆயினும் ஒரு மலைச்சாரலுக்கும் வரலாறு உண்டு. அங்கே காட்டை வெட்டியவர் யாவர், பயிரிட்டவர் யாவர், எவர் பெயரில் உறுதி எழுதப்பட்டது, எவர் அம்மண்ணிலேயே பிறந்து மடிந்தனர் என்னும் வினாக்களுக்கு விடை தேடுவதே அவ்வரலாறாகும். கண்டி மாநகரின் தென்கிழக்கே, கலஹா, தெல்தோட்டை ஆகிய ஊர்களுக்கு அப்பால், ஹேவாஹெட்டை மலைகளிடையே அமைந்துள்ள லூல்கந்துரத் தோட்டம் இத்தகைய ஆராய்ச்சிக்கு மிகப் பொருத்தமானது. இலங்கையில் வணிக நோக்குடன் தேயிலை முதன்முதற் பயிராக்கப்பட்ட இடம் அதுவே. அங்கு அடுத்தடுத்து வந்தோரின் நிலையை நோக்கின், நிலத்தின் உடைமை வேறு, நிலத்தில் வாழ்தல் வேறு என்னும் உண்மை தெளிவாகும்.

தோட்டத்தின் பெயரே அதன் முந்திய குடிகளை உணர்த்துகின்றது. சிங்களத்தில் 'லூலா' என்பது வரால் மீன். 'கந்துர' என்பது மலையோடை. கண்டியரசின் காலத்தில் மலைநாட்டு உழவர் பள்ளத்தாக்குகளில் வயல் செய்தனர். மேட்டுச் சரிவுகளிற் சேனைப் பயிரிட்டனர். அதற்கும் மேலுள்ள காட்டை விறகுக்கும் மேய்ச்சலுக்கும் பயன்படுத்தினர். அரசனுக்கும் கோயிலுக்கும் பிரபுக்களுக்கும் உரிய ஊர்களில், நிலத்தை ஆண்டவர் அதற்கீடாக ஊழியம் செய்தனர். எழுதிய உறுதியைக் காட்டிலும் வழிவழி வந்த வழக்கமே அவர்தம் உரிமைக்குச் சான்றாயிருந்தது.

1815 ஆம் ஆண்டு மார்ச்சு 2 ஆம் நாளன்று கண்டி உடன்படிக்கை கைச்சாத்திடப்பட்டது. அதன்பின் ஒரு தலைமுறைக் காலத்துள் இவ்வழக்கத்தின் வலிமை குன்றிற்று. 1832 இல் இராஜகாரிய ஊழியம் ஒழிக்கப்பட்டது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவோ தரிசாகவோ பயிரின்றியோ கிடந்த நிலம் யாவும், மாறானது நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியதே எனக் கொள்ளுமாறு விதித்தது. நிரூபிக்க வேண்டிய பொறுப்பு உழவன் தலைமேல் விழுந்தது. அவனிடமோ எழுத்துச் சான்று இல்லை. இவ்வாறு முடிக்குரியதாகிய மலைக்காடுகள் ஏக்கர் 5 சிலிங் விலைக்கும், 1844 முதல் 20 சிலிங் விலைக்கும் விற்கப்பட்டன. வாங்கியவருள் ஆங்கில உத்தியோகத்தரும் வணிகரும் பலர். காடுகள் அழிந்து கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. லூல்கந்துரவும் அவ்வாறெழுந்த ஒன்றே.

அத்தோட்டத்துக்கு 1852 இல் வந்து சேர்ந்தவரே ஜேம்ஸ் டெயிலர். 1835 இல் ஸ்கொத்லாந்தின் கிங்கார்டின் பகுதியிற் பிறந்த அவர், அப்போது பதினேழு வயது நிரம்பும் நிலையிலிருந்த இளைஞர். ஆண்டுக்கு 100 பவுண் சம்பளத்தில் மூன்றாண்டு ஒப்பந்தத்துடன் வந்தவர், நாற்பது ஆண்டுகள் அம்மலையிலேயே தங்கிவிட்டார். அவர் தம் இல்லத்தாருக்கு எழுதிய கடிதங்கள் இன்று எடின்பரோவிலுள்ள ஸ்கொத்லாந்துத் தேசிய நூலகத்திற் பேணப்படுகின்றன.

டெயிலர் கண்ட கோப்பித் தோட்டத்தில் உழைத்தவர் பெரும்பாலும் தென்னிந்தியத் தமிழர். காடு வெட்டும் வேலையை ஒப்பந்தமாக ஏற்ற சிங்கள உழவர், தம் வயலை விட்டுத் தோட்டத்துக் கூலியாளாக இருக்க விரும்பினாரல்லர். ஆகவே மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து, கங்காணிமார் திரட்டிய கூட்டங்கள் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கின. அங்கிருந்து காட்டுவழியே கால்நடையாக மாத்தளை சென்று மலையேறின. வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியில் மடிந்தவர் பலர். கோப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்திலேயே ஆட்கள் மிகுதியாக வேண்டியிருந்தனர். பருவம் முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்பினர். எனவே அக்காலத் தொழிலாளி வந்து மீளும் பயணியாகவே கருதப்பட்டான். இக்கருத்துப் பின்னர் எத்துணைத் தீங்கு விளைத்தது என்பதை மேலே காண்போம்.

1869 இல் மடுல்சீமைப் பகுதியிற் கோப்பியிலையில் துருநோய் கண்டறியப்பட்டது. நோய் பரவிக்கொண்டிருந்த போதும் விலையுயர்வால் மயங்கிய தோட்டக்காரர் மேலும் மேலும் நட்டனர். 1878 இல் கோப்பி நிலம் 275,000 ஏக்கராக விரிந்திருந்தது. அடுத்த பத்தாண்டில் அத்தொழில் நிலைகுலைந்தது. லூல்கந்துரவில் மாற்றுப் பயிருக்கான முயற்சி நோய் தோன்றுமுன்னரே தொடங்கியிருந்தது. கொயினா மருந்துக்குரிய சிங்கோனா மரத்தை டெயிலர் அங்கு வளர்த்தார். 1867 இல் தோட்டத்தின் ஏழாம் நம்பர் மலையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். தேயிலைச் செடியை இலங்கை முன்பே அறியும். பேராதனைப் பூங்காவிலும் புசல்லாவைப் பகுதியிலும் அது பரீட்சார்த்தமாக வளர்க்கப்பட்டதுண்டு. விற்பனைப் பொருளாக அதனைத் தொடர்ந்து பயிரிட்டமையே டெயிலரின் சிறப்பாகும்.

அவருடைய முதல் தொழிற்சாலை பங்களாவின் விறாந்தையே. பறித்த கொழுந்தை மேசைமேற் பரப்பி, மணிக்கட்டு முதல் முழங்கை வரையுள்ள கையால் உருட்டிப் பிசைந்தனர். பின்னர்க் களிமண் அடுப்பிற் கரிநெருப்பின்மேல், கம்பித்தட்டுகளில் இட்டு உலர்த்தினர். 1872 அளவில் தனித் தேயிலைச் சாலையும், டெயிலர் தாமே அமைத்த உருட்டும் பொறியும் இயங்கின. 1873 இல் 23 இறாத்தல் தேயிலை இலண்டன் சந்தைக்குச் சென்றது. அதன்பின் வளர்ச்சி மிக விரைவு: 1875 இல் தீவு முழுவதும் ஆயிரத்துச் சொச்சம் ஏக்கராயிருந்த தேயிலை, 1895 இல் ஏறத்தாழ 305,000 ஏக்கராயிற்று. நெருக்கடியில் நட்டோரைத் தாங்கிய சிங்கோனாவோ, 1880 களில் மிகையுற்பத்தியால் விலை வீழ்ந்து மறைந்தது.

நாற்பதாண்டு உழைத்த டெயிலரும் லூல்கந்துரவின் உடைமையாளர் அல்லர். சம்பளம் பெற்ற துரையே. 1892 இல், தோட்டத்தை அப்போது வைத்திருந்த கம்பெனி அவரை விலகுமாறு பணித்தது. அவர் மலையை விட்டுச் செல்ல உடன்படவில்லை. அவ்வாண்டு மே 2 ஆம் நாள் வயிற்றளைச்சலால் தம் பங்களாவிலேயே இறந்தார். தொழிலாளர் முறை மாற்றி முறை தோள் கொடுத்து அவர் உடலைக் கண்டிவரை சுமந்து வந்தனர் என்பர். மஹையாவ மயானத்தில் அவர் கல்லறை இன்றும் உளது.

டெயிலரின் வாழ்வை நூல்கள் கூறுகின்றன. அவரைச் சுமந்தவரின் வாழ்வை யார் கூறுவர்? அந்த 19 ஏக்கருக்குக் குழி வெட்டியவர், விறாந்தையில் இலையை உருட்டியவர் ஆகியோருள் ஒருவர் பெயர்தானும் நம் பள்ளிப் பாடநூல்களில் இல்லை. ஆனால் தேயிலையின் இயல்பே அவர்களை அம்மண்ணின் நிலையான குடிகளாக்கிற்று. கோப்பியைப்போல் அது ஒரு பருவத்துப் பயிரன்று. வாரந்தோறும், ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். அதற்குப் பெண்களின் கைகள் வேண்டும். ஆகவே குடும்பம் குடும்பமாகத் தமிழர் லயங்களிற் குடியேறினர்; கோயில் கட்டினர்; காமன் கூத்தாடினர்; மூதாதையரை அம்மலைகளிலேயே புதைத்தனர். பயிர் அவர்களை நிலைக்கச் செய்தது. சட்டமோ அவர்களை வழிப்போக்கராகவே கண்டது.

உரிமை கேட்டவர் எதிர்கொண்டதற்கு அயலிலேயே சான்றுண்டு. 1940 சனவரியில் அதே ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில் கூலியுயர்வு கோரி வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. பொலிசாரின் சூட்டில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிர் நீத்தார். 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. மறுவருடமே, 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. தந்தையின் பிறப்புக்கும் பாட்டனின் பிறப்புக்கும் எழுத்துச் சான்று கேட்கப்பட்டது. 1840 இல் கண்டி உழவனிடம் கேட்ட வினாவே, உருமாறித் தோட்டத் தமிழனிடம் கேட்கப்பட்டதை மாணவர் உற்று நோக்குவாராக.

1964 அக்டோபர் 30 ஆம் நாள் செய்துகொண்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974 இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். மலையில் உறவுகள் பிரிந்தன. 1975 இல் கம்பெனித் தோட்டங்கள் நாட்டுடைமையாயின. லூல்கந்துர ஜனதா தோட்ட அபிவிருத்திச் சபையின்கீழ் வந்தது. உடைமையாளர் மாறினர், லயம் மாறவில்லை. 2003 ஆம் ஆண்டுச் சட்டமே நாடற்றோராய் எஞ்சியவர்க்குக் குடியுரிமை வழங்கியது.

குடியுரிமை கிடைத்தபின்னும் காணியுரிமை என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. 2015 ஐ அடுத்த ஆண்டுகளில், குடும்பமொன்றுக்கு 7 பேர்ச் நிலத்தில் தனிவீடு என்னும் திட்டம் தோட்டங்களில் நடைமுறைக்கு வந்தது. ஓர் ஏக்கர் 160 பேர்ச். டெயிலர் முதலில் நட்ட 19 ஏக்கர் மட்டுமே 3,040 பேர்ச்சாகும். அவ்வொரு மலையளவு நிலம் 434 குடும்பங்களுக்கு அத்தகைய மனையாகும். இக்கணக்கை நோக்கின், கேட்கப்படும் நிலம் பெரிதன்று என்பதும், அது கிடைக்கக் கழிந்த காலமே பெரிது என்பதும் விளங்கும்.

2017 இல் இலங்கைத் தேயிலையின் 150 ஆம் ஆண்டு கொண்டாடப்பட்டது. 2023 இல் மலையக மக்கள் வருகையின் 200 ஆண்டு நிறைவை நினைந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை முன்னோர் வந்த வழியே நடைபயணம் நிகழ்ந்தது. லூல்கந்துரவில் டெயிலர் வாழ்ந்த குடிலின் புகைபோக்கியும் அவர் அமர்ந்த கல்லிருக்கையும் காண்போர்க்குக் காட்டப்படுகின்றன. அவை பேணத்தக்கனவே. ஆயின் மறுபாதி வரலாறு கல்லில் இல்லை. முதியோர் நாவில் உளது. எந்த ஊரிலிருந்து, எந்தக் கங்காணியுடன் வந்தோம், எந்த மலைக்கு எப்பெயர் வைத்தோம், முதற் கோயிலை எவர் எழுப்பினர் என்று சொல்லவல்லார் நாளுக்கு நாள் அருகி வருகின்றனர். கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களிலிருந்து நம் கல்லூரிக்கு வரும் மாணவர், விடுமுறை நாட்களில் ஒரு குறிப்பேட்டுடன் தம் பாட்டன் பாட்டியர் அருகே அமர்வாராயின், இரு தலைமுறையினர்க்கு இல்லாது போன எழுத்துச் சான்று மூன்றாந் தலைமுறையின் கையால் உருவாகும்.